குவளை சொல்லும் வரலாறு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கல்வெட்டுக்களில் மட்டுமே தேட வேண்டும் என்பதில்லை. அடுக்களைப் பாத்திரங்களிலும் அது பதிந்து கிடக்கிறது. காப்பிக் கலங்களே இதற்குத் தக்க சான்று.

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அங்கே விருந்தினர் வந்து அமர்ந்த பின்னரே பச்சைக் கொட்டையை வறுப்பர். எழும் மணத்தை அனைவரும் நுகர்வர். பின்னர் அதை இடித்து, 'ஜெபெனா' என்னும் நெடுங்கழுத்து மட்கலத்தில் கொதிக்க வைப்பர். ஒரே தூளைக்கொண்டு மும்முறை வழங்குவது மரபு. அபோல், தோனா, பராக்கா என்பன அவற்றின் பெயர்கள். பராக்கா என்றால் ஆசி.

யெமன் நாட்டில் 15-ஆம் நூற்றாண்டில் சூபி அடியார்கள் இரவு வழிபாட்டில் உறங்காதிருக்கக் காப்பி பருகினர். அரபு மக்களின் கலம் 'தல்லா'. பறவையின் அலகு போன்ற மூக்குடையது. விருந்தளிப்பவர் இடக்கையில் கலத்தையும் வலக்கையில் சிறு கிண்ணத்தையும் ஏந்தி ஊற்றுவார். போதுமெனில் விருந்தினர் கிண்ணத்தை இலேசாக அசைப்பார், சொல் வேண்டுவதில்லை.

துருக்கியர் மாவாக அரைத்த தூளை நீண்ட கைப்பிடியுள்ள 'ஜெஸ்வே'யில் நுரையெழக் காய்ச்சி, வடிகட்டாமலே பரிமாறினர். காப்பி இருந்த இடத்தில் மக்கள் கூடினர், கூடியவர்கள் பேசினர். ஆள்வோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. 1511-இல் மெக்காவில் காப்பி தடுக்கப்பட்டது. அத்தடை நிலைக்கவில்லை. 1652-இல் இலண்டனிலும் காப்பி இல்லம் தோன்றிவிட்டது.

பாபா புதான் என்னும் சூபிப் பெரியார் யெமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது கன்னட நாட்டு மரபு. தமிழர் இல்லங்களில் நீராகாரத்தின் இடத்தைக் காப்பி மெல்ல மெல்லக் கைப்பற்றியது. மேலடுக்கில் தூளையிட்டு வெந்நீர் வார்த்தால், துளைகளின் வழியே கீழடுக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷன். அதனோடு சுண்டிய பால், டபரா, தம்ளர். விளிம்பு மடிந்த தம்ளர், எச்சில் படாமல் தூக்கிக் குடிக்கும் வழக்கத்திற்கு இசைந்தது.

ஆனால் அவ்வழக்கத்தின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. எச்சிலைப் பற்றிய அச்சம் மனிதரைப் பற்றிய அச்சமாகவும் மாறியது. காப்பிக் கடைகளில் சாதிக்கொரு பந்தி இருந்தது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் குவளை ஒதுக்கப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, தீண்டாமையை ஒழித்ததோடு, உணவு விடுதிகளில் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்றும் விதித்தது. எனினும் இரட்டைக் குவளை அதன் பின்னரும் பல ஊர்களில் நீடித்தது.

1957-இல், வேலை இழந்த காப்பி இல்லத் தொழிலாளர்கள், ஏ. கே. கோபாலன் போன்றோர் துணையுடன் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். பெங்களூரிலும் தில்லியிலும் அவ்வாண்டே அவை தோன்றின. அவற்றின் மேசைகளில் எழுத்தாளரும் எழுத்தரும் மாணவரும் ஒரேவகைக் கோப்பையில் அருந்தினர்.

பிற மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்த நாம், பெட்டியில் வடிகட்டியையும் டபராவையும் மறவாமல் எடுத்துவந்தோம். அவற்றைப் பேணுவோம். அவற்றோடு ஒட்டிவந்த வேற்றுமையை மட்டும் கழுவிவிடுவோம். எத்தியோப்பியர் வறுக்கும் கொட்டையின் மணம் அங்கிருப்போர் அனைவருக்கும் உரியது. நம் வீட்டுக் காப்பியும் வாயிலில் வந்து நிற்கும் எவர்க்கும் ஒரே தம்ளரில் கிடைக்கட்டும்.