பட்டாவும் துப்பாக்கியும்

புதுக்கோட்டையில் கலெக்டர் ஆபீஸ் கிளார்க்காக இருந்தபோது சில வருஷம் துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகள் என் மேஜைக்கு வந்தன. அட்டையில் 'படைக்கல உரிமம்' என்று எழுத வேண்டும். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எனக்குத் துப்பாக்கி என்றால் 'ஃபூஸி'. அதில் கடைசி எழுத்தை எழுத வேண்டும், வாயால் சொல்லக் கூடாது. எழுதினால் அடிக்கும் வாத்தியார் இல்லை, விட்டால் அடிப்பார்.

விண்ணப்பத்தில் காரணம் அநேகமாக ஒன்றுதான், பயிர்ப் பாதுகாப்பு. பயிர் காக்கக் குழல் வாயில் மருந்து திணித்துச் சுடும் துப்பாக்கிக்கு 1959ஆம் வருஷச் சட்டமே இடம் கொடுக்கிறது. பட்டா, சிட்டா நகல் இணைத்திருப்பார்கள். தாசில்தார் அறிக்கையும் போலீஸ் அறிக்கையும் வரும். அந்தக் கோப்புகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் பெரிய நிலக்காரர்களின் பட்டியலாக இருக்கும். கூலிக்கு அறுப்பவர் கோப்பு ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. காக்க அவருக்குப் பயிர் ஏது?

இந்தக் கணக்கு பழசு. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்த டிசம்பரிலேயே கவர்னர் எட்வர்டு கிளைவ், பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். கம்பெனி பக்கம் நின்ற நம் தொண்டைமானுக்கு ராஜ்யம் நிலைத்தது. 1878ஆம் வருஷ ஆயுதச் சட்டத்திலோ வெள்ளைக்காரருக்கு விலக்கு.

நான் பள்ளி முடிக்கும் வயதில் கீழ்வெண்மணி நடந்தது. காரைக்காலுக்கு அது தூரமே இல்லை. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள், விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடியை விட மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி மிராசுதார் தரப்பு ஆட்கள் துப்பாக்கிகளோடு சேரிக்குள் நுழைந்தார்கள். சூட்டுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒண்டியவர்களை அதோடு கொளுத்தினார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். 1973இல் ஐகோர்ட் மிராசுதார்களை விடுதலை செய்தது. ஒருபக்கம் துப்பாக்கி, மறுபக்கம் அரைப்படி. அதனால்தான் பிற்பாடு அந்தக் கோப்புகளை என்னால் வெறும் காகிதமாகப் பார்க்க முடியவில்லை.

திருவரங்குளம் பக்கம் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, திருவிழா மரியாதைத் தகராறு எல்லாவற்றுக்கும் அரிவாள்தான் வெளியே வரும். அதற்கு லைசென்ஸ் கேட்பாரில்லை.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை பட்டியலைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, "பன்னிக்கு எலெக்சன் தெரியுமா சார்?" என்று கேட்டுச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். சாக்கில் சுற்றிய துப்பாக்கியைத் தோளில் சுமந்து வந்த பண்ணையாள், வாசற்படிக்கு வெளியே செருப்பில்லாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.