காவலில் இருப்போரின் உயிருரிமை: தென்காசி வட்டாரம்

பிடித்து அடைக்கப்பட்டவர் தம் உயிரைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. அந்த உயிருக்கு அரசே பொறுப்பு. இந்தக் கோட்பாடு தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையம் பகுதிகளில் சட்டமாக ஊன்றிய வரலாறு நீளமானது, வலி மிகுந்தது.

தென்காசி 2019 நவம்பர் 22 அன்றுதான் தனி மாவட்டமானது. அதுவரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் வருவாய்த் துறையிடமே இருந்தன. பாக்கி வைத்த குடியானவரின் விரல்களைக் கிட்டி போட்டு நெரித்தார்கள்; குனியவைத்துக் கழுத்தைக் காலோடு கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் குழு 1855இல் அளித்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை அறிக்கை இவற்றைப் பதிவு செய்தது. அதன் பின்னரே, 1859இல், போலீஸ் தனித் துறையாயிற்று. போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வகுத்தது. ஆனாலும் சிறைக்குள் நிலைமை மாறவில்லை. 1908இல் தண்டிக்கப்பட்ட விடுதலைப் போராட்ட வீரர் வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தார்; சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு வெளியே வந்தார்.

விடுதலைக்குப் பின் வந்த அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமல்ல, எந்த மனிதருக்கும் சமத்துவத்தையும் உயிரையும் உறுதி செய்கின்றன. கைதியும் அதில் அடக்கம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பது 22ஆம் பிரிவு. காவல் மரணத்துக்கு அரசே இழப்பீடு தரவேண்டும் என்று நீலாவதி பெஹெரா வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைது குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை முதலிய 11 கட்டளைகளை டி.கே.பாசு வழக்கு (1996) வகுத்தது. கைது செய்யும் அதிகாரமுள்ள மற்ற அரசுத் துறைகளையும் அவை கட்டுப்படுத்தும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தது நாட்டையே உலுக்கியது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஜூலை 22 இரவு, மின்வேலி அமைத்ததாகச் சொல்லிக் கடையம் அருகே முதிய விவசாயி ஒருவரை வனத்துறையினர் விசாரணைக்குக் கூட்டிச் சென்றனர். அவர் உயிரோடு திரும்பவில்லை. குடும்பத்தார் உடலை வாங்க மறுத்து நீதி கேட்டனர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மறு உடற்கூறாய்வுக்கு உத்தரவிட்டது. காவல் மரணத்தை நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்கவேண்டும் என்ற, 2006இல் நடைமுறைக்கு வந்த விதியோ போலீஸ் காவலையும் நீதிமன்றம் அனுமதித்த காவலையும் மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், காட்டையொட்டிப் பயிரிடும் விவசாயி அன்றாடம் எதிர்கொள்ளும் அதிகாரி வனத்துறைக்காரர்தான். அவருடைய காவலும் காவல்தான் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லியாகவேண்டும்.

சமத்துவத்தின் சோதனை சிறைக்குள் இன்னும் கடுமையானது. இப்பகுதிக்கு நெருக்கமான பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் மோதலைத் தவிர்க்கவென்று கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்தனர். ஆயினும் 2021 ஏப்ரலில் அங்கே இளம் விசாரணைக் கைதி ஒருவர் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். பிரிவினை உயிரையும் காக்கவில்லை. சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிப் பாகுபாடு அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. மோதல் தவிர்ப்பு என்ற வாதத்தையும் ஏற்கவில்லை.

1979இல் இந்தியா ஏற்ற பன்னாட்டுக் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு உயிரையும், 10ஆம் பிரிவு காவலில் இருப்போரின் மாண்பையும் காக்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. அதை இன்னும் உறுதிசெய்யவில்லை.