காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

நண்பர் ஒருவர் குடும்பத்துடன் மலேசியா செல்லத் திட்டமிட்டிருக்கிறார். பயண முகவர் தந்த ஐந்து நாள் நிரலில் இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை, பத்துமலை, கடைவீதி ஆகியவை இருந்தன. “தமிழ் வாத்தியார் ஆயிற்றே, இதில் நீங்கள் எதையாவது சேர்ப்பீர்களா?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

இளவெயில், பல இன மக்கள், பலவகை உணவு என்பதே அந்நாட்டைப் பற்றிய விளம்பரங்களின் சாரம். இந்தப் பன்மை எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்டால், முதல் விடை காற்று. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் கடல் கடந்தவர் நினைத்தபோது ஊர் திரும்ப இயலாது. சீனத்திலிருந்து வடகிழக்குக் காற்றோடு வந்தவர் திரும்புவதற்குத் தென்மேற்குக் காற்றை எதிர்நோக்கினர். மேற்கே வங்கக் கடலைக் கடக்க வேண்டியவரோ அந்த வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருந்தனர். மாதக்கணக்கில் தங்க நேர்ந்த இடத்தில் வீடு அமைந்தது, மணவுறவு அமைந்தது.

15ஆம் நூற்றாண்டின் மலாக்கா இதற்குச் சிறந்த சான்று. அங்கே வெவ்வேறு நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு துறைமுகத் தலைவர்கள் இருந்தனர். 1511இல் போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றியபின் அங்கு வந்த தொமே பிரேஸ், 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். அங்கே தங்கிவிட்ட தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். அவர்களது வீட்டுமொழி மலாய். வழிபடு தெய்வம் மாரியம்மன். 1781இல் எழுந்த அவர்களது விநாயகர் கோயில், 1748ஆம் ஆண்டின் பள்ளிவாசல், 17ஆம் நூற்றாண்டின் சீனக் கோயில் மூன்றையும் சில நிமிட நடையில் கண்டுவிடலாம்.

வடக்கே கெடா மாநிலம். நம் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இதுவே. 1025இல் இராசேந்திரன் பெற்ற கடல்வெற்றியை நாம் பெருமிதத்தோடு பேசுகிறோம். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான் என்பதை ஆனைமங்கலச் செப்பேடு சொல்கிறது. போரை நினைவில் வைத்த நாம் அந்த நட்பை நினைப்பது குறைவு. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பௌத்தச் செங்கற்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயிலின் எச்சம் ஒன்று 2013இல் நிலமேம்பாட்டுப் பணிக்காகத் தகர்க்கப்பட்டது. கடலின் இரு கரையிலும் ஒரே கதை. எஞ்சியவற்றை மெர்போக் அருங்காட்சியகத்திலும், அருகிலுள்ள புக்கிட் பத்து பாகாட் கோயிலின் அடித்தளத்திலும் காணலாம்.

நீராவிக் கப்பல் வந்தபின் காற்றுக்குக் காத்திருக்கும் தேவை நீங்கியது. ஆனால் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழர்க்கு ஊர் திரும்புவது எளிதாகிவிடவில்லை. வணிகனைக் காற்று நிறுத்தியது. இவர்களைக் கடன் நிறுத்தியது. அவர்களுள் பல்லாயிரவரை ஜப்பானியர் 1942–43இல் சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுசென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மடிந்தவர்களில் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை.

ஆகவே நண்பரிடம் நான் சொன்னது இதுதான். கெந்திங்கை விட்டுவிடுங்கள். ஒரு நாள் மலாக்காவுக்கு. ஒரு நாள் பினாங்கிலிருந்து பாலம் கடந்து கெடாவுக்கு. நெடுஞ்சாலையில் ரப்பர் மரங்கள் தென்படும் இடத்தில் சற்று இறங்கி, பால் வெட்டிய தழும்பைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ‘கடாரம் கொண்டான்’ என்னும் பட்டம் அவர்களுக்குப் பாடப்புத்தகத்திலேயே கிடைத்துவிடும். அந்த மண்ணில் தங்கியவர்களையும் திரும்ப முடியாமற் போனவர்களையும் அறிய அங்கே போகத்தான் வேண்டும்.

நண்பர் சற்று யோசித்துவிட்டு, “ஐந்து நாள் போதாதே” என்றார். காற்றுக்குக் காத்திருந்தவர்கள் ஐந்து நாளில் திரும்பியதில்லை என்றேன்.