நாடிழந்த அறிஞரின் முகம்: கொமேனியஸின் செப்புத்தகட்டுச் சித்திரம்

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடப்பெற்ற அறிஞர் உருவப்படங்களை இன்றைய நிழற்படங்களைப் போல் நோக்குதல் தவறாகும். பரோக் காலத்தார் அவற்றைப் பார்ப்பதற்கு மட்டுமன்றி வாசிப்பதற்கும் ஆக்கினர். முகம், பொறிக்கப்பட்ட பெயரும் வயதும், அடியில் அமைந்த செய்யுள் ஆகிய மூன்றும் இணைந்தே பொருள் தந்தன.

ஜார்ஜ் குளோவர் 1642-இல் செதுக்கிய யோவான் ஆமோஸ் கொமேனியஸின் படம் இதற்குச் சிறந்த சான்று. நீண்ட தாடியோடு முதியவராகத் தோன்றும் அவருக்கு அப்போது வயது 50. பொறிப்பு அவருடைய பெயரையும் வயதையும் கூறி, அவரை 'மொராவியர்' எனக் குறிக்கின்றது. அவர் சகோதர ஐக்கியச் சபையின் பேராயர்களுள் ஒருவர். 1631-இல் வெளியிட்ட இலத்தீன் பாடநூலால் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றவர். எனினும் தாம் இழந்த நாட்டின் பெயரே இங்கு அவருக்கு அடைமொழியாயிற்று. 1620-இல் நிகழ்ந்த வெள்ளைமலைப் போரைத் தொடர்ந்த ஒடுக்குமுறையால், 1628-இல் அவர் தாய்நாட்டைத் துறந்து போலந்திலுள்ள லெஷ்னோவில் குடியேறினார்.

படத்தின் கீழுள்ள செய்யுள் ஆங்கிலக் கவிஞர் பிரான்சிஸ் குவார்ல்ஸ் இயற்றியது. அது கொமேனியஸை முதற்கண் நாடிழந்தவராகவே அறிமுகப்படுத்துகின்றது. பஸ்கூரின் கோலுக்கு இலக்கானவர் என்கின்றது. எரேமியா 20-ஆம் அதிகாரத்தை அறிந்தவருக்கே இக்குறிப்பு விளங்கும். தீர்க்கதரிசியை அடித்துத் தொழுமரத்தில் மாட்டிய பஸ்கூர் புறவினத்தான் அல்லன். ஆலயத்தில் தலைமைப் பொறுப்பு வகித்த ஆசாரியன். கிறிஸ்தவரைக் கிறிஸ்தவரே துன்புறுத்திய கசப்பான உண்மை ஒரே பெயருக்குள் அடக்கப்பட்டுள்ளது. ஆயினும், இது ஒரு தரப்பாரின் சாட்சியம் என்பதை நாம் மறத்தலாகாது. இங்கிலாந்திலிருந்த சீர்திருத்தச் சபை நண்பர்கள் அவரை அழைத்து வரவேற்ற நாட்களில் எழுந்த படம் இது.

அவருடைய கல்வியையும் பக்தியையும் உலகம் அறிந்தமையால் உலகனைத்தும் அவருக்குச் சொந்தம் என்னும் கருத்தோடு செய்யுள் முடிகின்றது. வரலாறு அத்துணை இனிதாக அமையவில்லை. உள்நாட்டுப் போர் மூண்ட அவ்வாண்டிலேயே அவர் இங்கிலாந்தைவிட்டு நீங்கினார். 1656-இல் லெஷ்னோ தீக்கிரையானபோது அவருடைய கையெழுத்துப் படிகள் பல அழிந்தன. 1670-இல் ஆம்ஸ்டர்டாமில், அந்நிய மண்ணிலேயே, மறைந்தார். மனித வாழ்வு அனைத்தின் சீர்திருத்தத்தைக் குறித்து அவர் எழுதிய பெருநூல், சீகன்பால்கு கல்வி பயின்ற ஹாலே நகரில், பிராங்கே நிறுவிய அநாதை இல்லத்தின் நூலகத்தில் 1930-களில் கண்டெடுக்கப்பட்டு, 1966-இல்தான் முழுமையாக அச்சேறியது.

ஆகவே, ஓர் உருவப்படத்தை வாசிப்போர் அதில் எழுதப்பட்டதை மட்டுமன்றி, எழுதாமல் விடப்பட்டதையும் கருத வேண்டும். குளோவரின் படம் பதவியை விடுத்துப் பாடுகளைப் பொறித்தது. நாமோ முன்னோரின் படங்களுக்குக் கீழே பட்டங்களையும் பதவிக்காலத்தையும் பொறிக்கின்றோம். அவர்கள் யாருக்காக எதை இழந்தனர் என்பதையும் ஒரு வரியில் சேர்ப்போமாயின், பின்வரும் மாணவர் அம்முகங்களைக் கடந்து செல்லாமல் நின்று வாசிப்பர்.