மறவாமை

தேனாம்பேட்டையிலும் சுற்றியுள்ள பேட்டைகளிலும் இப்போது தியான வகுப்புகளுக்குக் குறைவில்லை. கண்ணை மூடிக்கொள், மூச்சைக் கவனி, இட்டலி தின்னும்போது இட்டலியில் மனத்தை வை, மாடிப்படி ஏறும்போது காலில் மனத்தை வை என்று சொல்லித் தருகிறார்கள். ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று டாக்டர்களும் சிபாரிசு செய்கிறார்கள். போய் வருகிறவர்கள் முகம் கொஞ்சம் தெளிந்துதான் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இது எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்டால், அமெரிக்காவிலிருந்து என்பார்கள். ஒருவகையில் நிஜம். 1979-இல் மாசசூசெட்ஸ் சர்வகலாசாலையின் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், நோயாளிகளின் மன அழுத்தத்தைக் குறைக்க எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று உலகம் முழுவதும் பரவியது அதுதான். ஆனால் அந்த இங்கிலீஷ் வார்த்தை அவர் உண்டாக்கியது அல்ல. இலங்கையில் சிவில் உத்தியோகம் பார்த்து, அங்கேயே பாலி மொழி கற்றுக்கொண்ட ரைஸ் டேவிட்ஸ் என்ற வெள்ளைக்காரர், புத்தர் சொன்ன எட்டு வழிகளில் ஏழாவதை 1881-இல் மொழிபெயர்த்தபோது எடுத்து வைத்த வார்த்தை அது.

பாலியில் அதற்கு ‘ஸதி’ என்று பெயர். தமிழில் அப்படியே எழுதினால் விபரீத அர்த்தம் வந்துவிடும்! சம்ஸ்கிருதத்தின் ஸ்மிருதிதான் பாலியில் ஸதி ஆயிற்று. நினைவு என்பது பொருள். தமிழில் பௌத்தம் எழுதியவர்கள் அந்த ஏழாவது வழியை ‘நற்கடைப்பிடி’ என்றார்கள். கடைப்பிடித்தல் என்றால் இன்று நாம் ஒரு விதியையோ விரதத்தையோ அனுசரிப்பதைச் சொல்கிறோம். பழந்தமிழில் மறவாமல் இறுகப் பற்றியிருத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆக, மனத்தைச் சும்மா வைத்திருப்பது அல்ல, எதையோ மறவாதிருப்பதுதான் இந்தப் பயிற்சி. எதை மறவாதிருப்பது? அதற்கு விடை தேட நாம் 1898-ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அந்த ஒரே வருஷத்தில் பௌத்தம் தமிழ்நாட்டுக்கு இரண்டு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. இரண்டிலும் வாசலைத் திறந்தவர் புதிய மாணாக்கர்தாம்.

முதல் வாசல் புத்தகம். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்து வந்த உ. வே. சாமிநாதையர், 1898-இல் மணிமேகலையை அச்சிட்டு வெளியிட்டார். அதற்குமுன் சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு எல்லாம் பதிப்பித்தவர். மணிமேகலையில் மட்டும் அடிக்கு அடி தடுக்கிற்று. தமிழ்ச் சொற்களாகவே இருக்கின்றன, பொருள் மட்டும் பிடிபடவில்லை. சொல்லிக் கொடுக்கப் பௌத்தர் ஒருவர்கூட அக்கம்பக்கத்தில் இல்லை. கடைசியில் கைகொடுத்தவர் மளூர் ரங்காசாரியார். அவர் இங்கிலீஷ்ப் புத்தகங்களைப் படித்துப் பௌத்தக் கொள்கைகளை எடுத்துச் சொல்ல, ஐயர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். திருவாவடுதுறைச் சைவ மடத்தில் தமிழ் படித்த ஒருவர், வைஷ்ணவர் ஒருவரிடம், வெள்ளைக்காரர் எழுதிய புத்தகங்களின் வழியாக, தமிழ்க் காப்பியத்தில் உள்ள பௌத்தத்தைத் தெரிந்துகொண்டார். நம் ஞாபகசக்தியின் லட்சணம் அப்படி இருந்தது! காஞ்சியிலும் நாகப்பட்டினத்திலும் நூற்றாண்டுக் கணக்கில் விகாரைகள் இருந்த நாடு இது. ராஜராஜன் காலத்து நாகப்பட்டினம் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற கிராமமே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது வாசல் இராயப்பேட்டை. தேனாம்பேட்டைக்குப் பக்கத்துப் பேட்டை. அங்கே அயோத்திதாசப் பண்டிதர் என்ற சித்த வைத்தியர் இருந்தார். 1845-இல் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன், தமிழ் கற்பித்த ஆசிரியரிடம் வைத்த பக்தியால் ஆசிரியர் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டவர். 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்குப் போய், தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட தம் மக்களைச் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். உங்களுக்கு வேறு சாமிகள் இருக்கின்றன என்று படித்தவர்கள் கூடிய அந்தச் சபையில் பதில் வந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. அடையாற்றில் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் இருந்தார். ஆல்காட் 1880-இல் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தர் ஆனவர். 1881-இல், தெரியாதவர்களுக்குப் பௌத்தம் சொல்லித் தரக் கேள்வியும் பதிலுமாக ஒரு சிறு புத்தகம் எழுதியவர். ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அடையாற்றில் இலவசப் பள்ளியும் நடத்தினார். 1898-இல் பண்டிதரையும் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியையும் கொழும்புக்கு அழைத்துப் போனார். வித்தியோதயப் பிரிவேணாவின் தலைவர் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் அவர்கள் பஞ்சசீலம் பெற்றார்கள். திரும்பி வந்ததும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவாயிற்று. பிறகு கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று தமிழ்க் கூலிகள் போன இடங்களில் எல்லாம் அதற்குக் கிளைகள் முளைத்தன. 1907 ஜூனில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைப் பண்டிதர் தொடங்கினார். 1914-இல் காலமாகும் வரையில் அதில் எழுதிக்கொண்டே இருந்தார். மணிமேகலையையும் குறளையும் தம் கட்சிக்குச் சாட்சிகளாக அடிக்கடி கூண்டில் ஏற்றினார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை இன்றைய அறிஞர்கள் ஒப்புவதில்லை. ஆனால் மறக்கடிக்கப்பட்ட ஒன்று இருக்கிறது என்று அவர் சொன்னதை யாராலும் தள்ளிவிட முடியவில்லை.

சங்கத்தோடு தொடர்புடையவர் லட்சுமி நரசு. சயன்ஸ் பேராசிரியர். 1907-இல் அவர் இங்கிலீஷில் எழுதிய பௌத்த சாரம் என்ற புத்தகத்தை, 1948-இல் டாக்டர் அம்பேத்கர் முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். எட்டு வருஷம் கழித்து, 1956 அக்டோபர் 14-ஆம் தேதி, நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களுடன் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். இராயப்பேட்டைப் பாதை அவ்வளவு தூரம் போயிற்று.

இதற்கும் இட்டலி தின்னும்போது இட்டலியை நினைப்பதற்கும் என்ன சம்பந்தம்?

கொழும்பில் அந்த இருவருக்கும் முதலில் கிடைத்த பாடம் மூச்சுப் பயிற்சி அல்ல, ஐந்து சீலங்கள். கொல்லாமை, தராததை எடுக்காமை, தவறான காமத்தில் இறங்காமை, பொய் சொல்லாமை, குடியாமை. ஐந்தும் பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை நினைப்பூட்டுகிறவை. ஐந்தாவது சீலத்தின் பாலி வாசகத்தில் மது ஏன் ஆகாது என்பதற்குக் காரணமும் சேர்ந்தே இருக்கிறது: அது ‘பமாதம்’, அதாவது அசட்டை, மறதி, அதற்கு இருப்பிடம் என்று. அந்தப் பமாதத்தின் எதிர்ப்பதத்தைத் தலைப்பாக வைத்துத் தம்மபதத்தில் இரண்டாம் அத்தியாயம் அமைந்திருக்கிறது. திருவள்ளுவர் ‘பொச்சாவாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதுவும் மறவாமைதான்.

மூச்சைக் கவனிப்பதும் புத்தர் சொன்னதே. ஸதியைப் பற்றிய சூத்திரத்தில் நடப்பது, திரும்பிப் பார்ப்பது, கையை மடக்குவது, துணி உடுத்துவது, உண்பது எல்லாவற்றிலும் அறிவு விழித்திருக்க வேண்டும் என்று வரிசையாக வருகிறது. அந்த வரிசையில் திருவோடு ஏந்துவதும் உண்டு. பர்மாவிலிருந்து வந்து 1969-இல் இந்தியாவில் விபஸ்ஸனா வகுப்புகளைத் தொடங்கிய கோயங்காவும் தம் பத்து நாள் பயிற்சியில் முதலில் ஐந்து சீலங்களை ஏற்கச் செய்த பிறகுதான் மூச்சுக்குப் போனார். அடிப்படை போடாமல் மாடி கட்டக் கூடாது என்ற சாதாரணக் கொத்தனார் நியாயம்தான்.

மணிமேகலையின் கதைப்போக்கும் அதுவே. அவள் கையில் முதலில் வருவது அமுதசுரபி. பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிறாள். பிற சமயத்தாரின் வாதங்களை எல்லாம் கேட்டுவிட்டு, காப்பியத்தின் முடிவில்தான் காஞ்சியில் அறவண அடிகளிடம் தத்துவம் கேட்டுத் தவத்தில் அமர்கிறாள். சாத்தனார் அறியாமல் வைத்த வரிசை என்று நான் நினைக்கவில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நம் ஊரிலேயே வசதிகள் இருக்கின்றன. எழும்பூர் கென்னட் சந்தில் மகாபோதி சங்கத்தின் விகாரை இருக்கிறது. அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்கள் வெண்கலமாக நிற்கிறார்கள். மயிலாப்பூர்க்காரரான மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ இன்றும் கடைகளில் கிடைக்கிறது. வகுப்புக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் அயோத்திதாசர் 1892-இல் கேட்ட கேள்வியையும் கையோடு கொண்டு போகலாம். காலையில் கண்ணை மூடி இருபது நிமிஷம் மூச்சை எண்ணிவிட்டு, கதவைத் திறந்ததும் குப்பை எடுக்க வந்தவரை முகம் பார்க்காமலே வாளியை நீட்டினால், எண்ணியது மூச்சாக இருக்கலாம். கடைப்பிடி என்று அதற்குப் பெயர் இல்லை. அவர் பெயர் என்ன, இன்று சாப்பிட்டாரா என்று விசாரித்துவிட்டு வாளியைக் கொடுக்கலாம். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.