எலிக்கடி: கேட்க மறந்த ஒரு கேள்வியின் வரலாறு

பழைய வண்ணாரப்பேட்டையில் எலிக்கு எப்போதுமே பஞ்சம் கிடையாது. எம்.சி. ரோடு துணிக்கடைகளின் குடோன்கள், சாக்கடைக் கால்வாய், கொஞ்ச தூரத்தில் துறைமுகம். ராத்திரியில் பெருச்சாளியைப் பார்த்துப் பூனை ஒதுங்கிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் எலியைக் காசு கொடுத்து வாங்கிவரும் ஆளைப் போன வருஷம்தான் முதல்முறை பார்த்தேன். மாடி வீட்டுப் பையன், காலேஜ் இரண்டாம் வருஷம். 'பால் பைத்தான்' எனும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றை வளர்க்கிறான். அதற்குத் தீனி வெள்ளை எலி.

ஒருநாள் அவன் கட்டைவிரலில் பிளாஸ்டர் இருந்தது. என்னடான்னு கேட்டேன். "எலி கடிச்சிடுச்சுண்ணே. ஒண்ணும் ஆகாது. இது சாக்கடை எலி இல்ல, கடையில வளக்கறது. சுத்தமா இருக்கும்" என்றான். நானும் விட்டுவிட்டேன்.

எட்டு நாள் கழித்து அவனுக்குக் குளிர் காய்ச்சல். விரலில் காயம் ஆறித் தழும்பாகிவிட்டது. மணிக்கட்டும் முட்டியும் வலி, உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளிகள். டெங்கு பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. எலி கடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் பாம்பைத் தூக்கிப் போடச் சொல்வார்கள் என்று பயம்.

அந்தச் சமயத்தில் நான் ஹென்றி வான்டைக் கார்ட்டர் பற்றி வாசித்துக்கொண்டிருந்தது தற்செயல்தான். 1858இல் வெளிவந்த 'கிரேஸ் அனாட்டமி' நூலுக்குப் படம் வரைந்தவர். அதே வருஷம் பம்பாய் வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நம் மதுரையின் பெயரில் 'மதுரா கால்' என்று மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்ட பாத நோயை ஆராய்ந்தவர். அதற்காகத்தான் அவரைத் தேடிப் போனேன். பம்பாயில் அவர் விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் ஆராய்ந்தார். நோயாளிகளின் ரத்தத்தில் சுருள் வடிவக் கிருமிகளைத் தேடிப் பழகிய கண் அது. 1887இல் ஓர் இந்திய எலியின் ரத்தத்தில் மிகச் சிறிய சுருள் கிருமி ஒன்றைக் கண்டு, 'ஸ்பைரில்லம் மைனர்' என்று பெயரிட்டுக் குறிப்பு எழுதினார். எலி கடித்து மனிதருக்கு வரும் காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமலே 1897இல் இறந்துபோனார்.

முடிச்சு அவிழ்ந்தது ஜப்பானில். அங்கே இந்த நோய்க்கு 'ஸோடோக்கு' என்று பேர். 'ஸோ' என்றால் எலி, 'டோக்கு' என்றால் விஷம். நம்ம ஊர் 'எலி விஷம்' அப்படியே! வேடிக்கை என்னவென்றால், காரணம் தெரிவதற்கு முன்பே மருந்து கிடைத்துவிட்டது. மேக நோய்க்கான சால்வர்சான் மருந்தை பால் எர்லிச்சுடன் சேர்ந்து கண்டுபிடித்த ஹாட்டா, 1912இல் அதை எலிக்கடிக் காய்ச்சலுக்குப் பயன்படுத்தியதைப் பற்றி எழுதினார். ஃபுடாக்கியும் சகாக்களும் அந்தச் சுருள் கிருமியை அடையாளம் கண்டது 1915-16இல்தான். கார்ட்டர் பார்த்த கிருமி அது என்பது அதற்கும் பின்னால் புரிந்தது.

ஆனால் எலிக்கடிக் காய்ச்சல் ஒன்றல்ல, இரண்டு. இன்னொரு கிருமிக்கு 'ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் மோனிலிஃபார்மிஸ்' என்று நீளமான பெயர். 1925இல் பாரிஸில் லெவாடிட்டியும் சகாக்களும் இதை ஓர் ஆய்வகப் பணியாளரின் உடலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆய்வகத்தில் வளர்கிற எலியின் வழிவந்ததுதானே இந்தக் கடை வெள்ளை எலி! இந்தக் கிருமி எலியின் வாயிலும் தொண்டையிலும் சாதாரணமாகக் குடியிருக்கும். எலிக்கு அதனால் ஒரு தொல்லையும் கிடையாது. கூண்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வாய்க்குள் இருப்பது போகாது. 1926இல் அமெரிக்காவின் ஹேவரில் நகரத்தில் கடியே இல்லாமல் 86 பேருக்கு வந்தது. காய்ச்சாத பால் மூலம் பரவியது. 2013இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ பகுதியில் வீட்டில் எலி வளர்த்த 10 வயதுச் சிறுவன் இதனால் இறந்தான். வைத்தியம் செய்யாவிட்டால் நூற்றில் சுமார் 10 பேர் பிழைப்பதில்லை.

இரண்டும் ஏமாற்றும் விதம்தான் முக்கியம். ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் பெரும்பாலும் 3 முதல் 10 நாளுக்குள், காயம் ஆறின பிறகு வரும். மூட்டுவலியும் கைகால் புள்ளிகளும் இதன் அடையாளம். ஸ்பைரில்லம் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை காத்திருக்கும். ஆறின காயம் மறுபடி வீங்கிப் புண்ணாகும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும். அதற்குள் கடியே மறந்துபோயிருக்கும்.

பழைய வைத்தியர்கள் இதை மறக்கவில்லை. சுசுருத சம்ஹிதையின் கற்பஸ்தானத்தில் எலி விஷத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. 18 வகை எலி சொல்கிறது. எலியின் சுக்கிலத்தில் விஷம் என்கிற அதன் விளக்கம் தப்புதான். ஆனால் குறிகளைப் பாருங்கள்: கட்டி, வீக்கம், வட்ட வட்டத் தடிப்பு, மூட்டுவலி, காய்ச்சல், நடுக்கம், மூச்சிரைப்பு. "எலி கடிச்சா இழுப்பு வரும்" என்று என் பாட்டி சொன்னதற்கு நான் சிரித்திருக்கிறேன். விளக்கம் தப்பாக இருந்தாலும், "எலி கடிச்சுதா?" என்ற கேள்வி அவர்களிடம் இருந்தது. நம்மிடம் பெனிசிலின் இருக்கிறது, கேள்வி இல்லை.

அன்று சாயந்திரமே மாடிக்குப் போய்ப் பையனின் தழும்பைக் காட்டி, டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். சொன்னான். மருந்து மாறியது, சில நாளில் காய்ச்சல் இறங்கியது. அதே நோய்தான் என்று உறுதியானதா என்றால், இல்லை. இந்தக் கிருமி சாதாரணக் கல்ச்சரில் லேசில் வளராது. சந்தேகத்தின் பேரில்தான் வைத்தியம் நடந்தது. அதனால்தான் நோயாளி வாய் திறந்து சொல்வது அவ்வளவு முக்கியம்.

கடித்தால் செய்ய வேண்டியது சிம்பிள். உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பக் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்த்து டெட்டனஸ் ஊசி விவரம் சொல்லணும். எலியால் வெறிநோய் வருவது மிக அரிது, தடுப்பூசி தேவையா என்பதை அவரே முடிவு செய்வார். தேதியை எங்கேயாவது குறித்து வைக்கணும். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் முதல் வார்த்தையே "எலி கடிச்சுது" என்பதாக இருக்கட்டும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்தும் உண்டு.

கடிபடாமல் இருக்க: உயிருள்ள எலியே வேண்டாம். கொன்று உறைய வைத்த எலியை உருகவைத்து, நீளமான இடுக்கியில் பிடித்துக் கொடுத்தால் போதும். மாட்டிக்கொண்ட எலி பாம்பையும் கடித்துக் குதறிவிடும். உயிர் எலியைத் தூக்கியே ஆகவேண்டும் என்றால் தடித்த கையுறை போட்டுக்கொள்ளணும், அல்லது டப்பாவுக்குள் ஓடவிட்டு மூடி எடுக்கணும். சாப்பாட்டு வாசனையுள்ள கையைக் கூண்டுக்குள் விடக் கூடாது. கூண்டைத் தொட்டபின் கை கழுவணும்.

பையன் இப்போது இடுக்கி வாங்கிவிட்டான். பாம்பு வீட்டிலேயே இருக்கிறது. காலண்டரில் எலி கடித்த தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருப்பது அவன் அம்மா.