அருங்காட்சியகமும் தாவோவும்

1784ல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த புத்தக வியாபாரி வில்லியம் ஹட்டன், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போனார். 1759ல் திறந்தபோதே அங்கு அனுமதி இலவசம்தான். ஆனால் எழுதி விண்ணப்பித்து, காத்திருந்து சீட்டு வாங்க வேண்டும். ஹட்டன் வேறொருவரிடம் ஏறக்குறைய 2 ஷில்லிங் கொடுத்துச் சீட்டு வாங்கினார். (இலவச அனுமதிக்கு கள்ளச் சந்தை அப்போதே இருந்திருக்கிறது!) உள்ளே போனால் வழிகாட்டி எல்லோரையும் அறை அறையாக விரட்டினார். விளக்கம் கேட்டவருக்கு எரிச்சலான பதில்தான் கிடைத்தது. சுமார் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, ஏமாற்றத்தோடு வெளியே வந்தார் ஹட்டன்.

பொருட்களுக்கு இடம் இருந்தது, பார்க்க வந்தவருக்கு இல்லை. லாவோ ட்சுவின் பெயரால் வழங்கும் 'தாவோ தே ஜிங்' பேசுவது இந்த இடத்தைப் பற்றித்தான். பானையில் பயன்படுவது அதன் உள்ளிருக்கும் வெறுமை. அறையில் பயன்படுவது சுவர்களுக்கு நடுவே உள்ள வெளி. 'வூ வெய்' என்ற இன்னொரு கருத்தும் உண்டு. அது சும்மா இருப்பது அல்ல, வலிந்து எதையும் செய்யாமல் இருப்பது.

இந்தச் சிந்தனை ஒரு பெரிய மேற்கத்திய அருங்காட்சியகத்துக்குள் ஆளாகவே நுழைந்தது. ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா ககுஸோ 1904 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் கீழைக்கலைப் பிரிவில் பணியாற்றினார். 1906ல் வெளிவந்த அவரது 'தேநீர் நூல்' தாவோயிசத்துக்குத் தனி இடம் தருகிறது. தேநீர் அறையில் ஒரு நேரத்தில் ஒரு ஓவியம், சில மலர்கள், அவ்வளவுதான். மேலை நாட்டு வீடுகளில் படங்களையும் சிலைகளையும் நிரப்பி வைப்பது அவருக்குச் செல்வத்தைக் காட்டும் பகட்டாகவே பட்டது.

அதே நிறுவனத்தின் செயலாளர் பெஞ்சமின் கில்மன் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து, மண்டியிட்டு, கழுத்தை வளைக்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாக எடுத்து, 1916ல் 'அருங்காட்சியகக் களைப்பு' என்று கட்டுரை எழுதினார். களைப்புக்குக் காரணம் பார்வையாளரின் அக்கறையின்மை அல்ல, பொருட்களை வைத்த விதம் என்று நிரூபித்தது பெரிய விஷயம்.

ஆனால் வெறுமை மட்டும் போதுமா? தேநீர் அறைக்கு வரும் விருந்தினர் அந்த மரபில் ஊறியவர். அருங்காட்சியகத்துக்கு வருபவர் அப்படியல்ல. விளக்கச் சீட்டையும் எடுத்துவிட்டால், ஹட்டனை விரட்டியது போலவே இவரையும் மௌனத்தால் விரட்டியதாகிவிடும். பாஸ்டனில் 1907ல் கில்மன் தொடங்கிய ஏற்பாடு இதற்கு நல்ல பதில். கூடங்களில் விவரம் அறிந்த ஒருவர் துணைக்கு வருவார், விரும்பியவர் அவரோடு சேர்ந்து பார்க்கலாம். 'தாவோ தே ஜிங்' போற்றும் தலைவனும் இப்படித்தான், இருப்பதே தெரியாமல் இருப்பவன்.

1997ல் ஜப்பானின் ஷிகராகி மலையில் திறக்கப்பட்ட மிஹோ அருங்காட்சியகத்தில் கட்டடக் கலைஞர் ஐ.எம். பேய் கட்டடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் மறைத்தார். பழைய சீனக் கதை ஒன்றில் மீனவன் குகை வழியாக மறைந்திருக்கும் ஊரைக் கண்டடைவான். இங்கும் வாசலை நேரே அடைந்துவிட முடியாது. முதலில் ஒரு சுரங்கப்பாதை, பிறகு பள்ளத்தாக்கின் மேல் ஒரு பாலம். அதைத் தாண்டிய பிறகுதான் வாசல்.